எந்த நீரில் வந்ததோ அந்த நீருக்கே



காவிரியில் புதுநீர் வந்து வாய்க்கால்கள் நிறையும் காலத்தில் தஞ்சைத் தரணியில் முதற்குரல் எழுப்பும் உயிர் தவளையாகும். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்த பின்னர், ஜூன் 12ஆம் நாளைக் கணக்கில் வைத்து நீருக்குக் காத்திருப்பது டெல்டா உழவர் வழக்கம். தவளைக்கு நாட்காட்டி இல்லை. கோடை முழுவதும் வயலின் வெடிப்பிலும் வரப்பின் மண்ணிலும் அசைவின்றிக் கிடந்த அது, முதல் மழையின் ஈரம் பட்டதும் வெளியே வந்துவிடுகிறது. கரந்தையில் ஆதிநாதர் ஆலயத்திலும், கும்பகோணத்தில் சந்திரப்பிரபர் ஆலயத்திலும், மன்னார்குடியில் மல்லிநாதர் ஆலயத்திலும், தீபங்குடியில் தீபநாயகர் ஆலயத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் விளக்கேற்றி வணங்குவோர் செவியில் துதிப்பாடலோடு தவளைக் குரலும் கலந்தே விழும்.

வயலிலும் வாய்க்காலிலும் இருக்க வேண்டிய இவ்வுயிர் இப்போது நம் வீடுகளின் கூடத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. வளர்ப்பு மீன்கள் வைத்திருந்த கண்ணாடித் தொட்டிகளில் தவளையையும் தேரையையும் வைத்து வளர்க்கும் விருப்பம் நகரத்துப் பிள்ளைகளிடையே பரவி வருகிறது. பாதி நீரும் பாதி நிலமுமாகத் தொட்டியை அமைத்து, பாசியும் கூழாங்கல்லும் இட்டு, அதற்குள் ஓர் உயிரை விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். "நாய் பூனை போல் தொல்லை இல்லை, ஒரு மூலையில் கிடக்கும்" என்று பெற்றோரும் இசைகின்றனர். "நாம் கொல்லவில்லையே, அன்போடு வளர்க்கத்தானே செய்கிறோம், இதில் அறத்திற்கு மாறானது என்ன?" என்று கேட்போரும் உளர். கேள்வி நேர்மையானது. ஆகவே ஆகம நெறியில் நின்று அதற்கு விடை காண்போம்.

தவளை என்னும் உயிர்

முதலில், தவளை யார் என்பதை நாம் உணர வேண்டும். நம் அறநூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகின்றன. மண்ணும் நீரும் மரமும் ஓரறிவுயிர், புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டும் ஈயும் நாலறிவுயிர். தவளையோ ஐம்பொறி உடையது. மனமும் உடையது. விலங்குகதியில் பிறந்திருப்பினும் நற்காட்சி பெறும் தகுதியும், இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களை ஏற்கும் தகுதியும் அதற்கு உண்டு என்று ஆகமம் கூறுகிறது. தெய்வகதியில் வாழும் இந்திரனால் ஏற்க இயலாத விரதத்தை மன்னமுடைய ஒரு விலங்கு ஏற்க இயலும் என்பது நம் சமயத்தின் வியத்தகு கருத்துகளுள் ஒன்றாகும்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்கு ஒழுக்கம் உரைக்கும் நூல். அதில் அருகன் பூசையின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக அவர் எந்த அரசனையும் நிறுத்தவில்லை. இராசகிருக நகரத்துத் தவளை ஒன்றையே நிறுத்துகிறார். நம் முன்னோர் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். இன்றைய கேள்விக்கு விடையும் அக்கதைக்குள்ளேயே இருப்பதால் அதை மீண்டும் நினைவு கூர்வோம்.

மகத நாட்டு இராசகிருகத்தில், சிரேணிக மன்னன் ஆண்ட காலத்தில், நாகதத்தன் என்னும் வணிகன் வாழ்ந்தான். அவன் மனைவி பவதத்தை. நாகதத்தன் வஞ்சம் மிகுந்த மனத்தினனாகவே வாழ்ந்து இறந்தான். அவ்வினையின் பயனாகத் தன் வீட்டு முற்றத்துக் கிணற்றிலேயே தவளையாகப் பிறந்தான். ஒருநாள் நீர் எடுக்க வந்த பவதத்தையைக் கண்டதும் அத்தவளைக்கு முற்பிறப்பு நினைவு தோன்றியது. அவள்மேல் தாவியது. அவள் அருவருத்துத் தள்ளினாள். மீண்டும் மீண்டும் கத்திக்கொண்டு அவளிடமே வந்தது. இதில் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று ஐயுற்ற அவள், அவதிஞானம் உடைய சுவிரத முனிவரை வணங்கிக் கேட்டாள். "அது உன் கணவனே" என்று அவர் உரைத்தார். அது முதல் பவதத்தை அத்தவளையைப் பெருமதிப்போடு பேணி வந்தாள்.

பின்னர் வர்த்தமான பகவான் மலைமீது எழுந்தருளிய செய்தி நகரெங்கும் முரசறைந்து அறிவிக்கப்பட்டது. மன்னனும் மக்களும் வணங்கப் புறப்பட்டனர். தவளையும் கிணற்றிலிருந்த தாமரை மலர் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு தாவித்தாவிப் புறப்பட்டது. வழியில் யானையின் காலடியில் பட்டு உயிர் துறந்தது. பகவானை வணங்கும் எண்ணம் ஒன்றையே நெஞ்சில் கொண்டிருந்ததால் உடனே தேவனாகப் பிறந்து, மணிமுடியில் தவளைக் குறி விளங்கச் சமவசரணத்தை அடைந்தது. "யார் இவர்?" என்று சிரேணிகன் வினவ, கௌதம கணதரர் இவ்வரலாற்றை உரைத்தார்.

சுவேதாம்பர மரபின் ஞாதாதர்மகதை என்னும் ஆகமத்திலும் இதனை ஒத்த கதை உண்டு. அங்கே நந்தன் என்னும் வணிகன் இராசகிருகத்தில் பெருங்குளம் ஒன்றை வெட்டி, அதைச் சூழச் சோலைகளும் மருத்துவச் சாலையும் அமைத்துப் புகழ் பெறுகிறான். இறக்கும்போதும் "என் குளம், என் குளம்" என்ற பற்று நீங்காததால் அக்குளத்திலேயே தவளையாகிறான். குளம் வெட்டுதல் நற்செயல்தான். அதன்மேல் வைத்த பற்றே அவனை அதற்குள் பிறப்பித்தது. குளங்களாலும் கிணறுகளாலும் வாழும் டெல்டாவில் இருக்கும் நாம் இக்கதையை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் பவதத்தையைப் பாருங்கள். வீட்டில் தவளையைப் பேணிய இல்லறத்தாள் ஒருத்தி நம் கதை மரபிலேயே இருக்கிறாள். கணவன் என்று அறிந்தும், அது நழுவிப் போய்விடுமோ என்று அவள் அதைக் குடத்தில் இட்டு மூடவில்லை. மூடியிருந்தால் அது மலர் கவ்விப் புறப்பட்டிருக்க இயலாது. அதன் கிணறு அதற்கு இருந்தது. அதன் வழியும் திறந்தே இருந்தது. ஓர் உயிர் தன் வினை கழியும் நாளில் எங்கே போக வேண்டியிருக்கும் என்பதை நாம் அறியோம். ஆகையால் அதன் வழியை அடைக்கும் உரிமையும் நமக்கு இல்லை.

இரு மயக்கங்கள்

தவளை, தேரைகளைப் பொறுத்தவரை நம் மக்களிடம் இரண்டு மயக்கங்கள் காணப்படுகின்றன. முதலாவது அச்சத்தால் வருவது. குழந்தை மெலிந்தால் "தேரை விழுந்த பிள்ளை" என்பர். பருப்பு இல்லாத தேங்காயைத் "தேரை மோந்தது" என்பர். இக்கூற்றை நம்பித் தேரையைக் கண்ட இடத்தில் கல்லெறிந்து கொல்வோர் இன்றும் இருக்கின்றனர். குழந்தை மெலிவது ஊட்டக் குறைவாலும் நோயாலும். தேங்காய் ஒல்லியாவது மகரந்தச் சேர்க்கைக் குறை, உரக் குறை, பூச்சித் தாக்குதல் முதலியவற்றால். தரையில் வாழும் தேரை தென்னங்குலைக்கு ஏறி எதையும் மோந்து பார்ப்பதில்லை. தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு உண்டு என்பது உண்மை. தன்னைக் கவ்வும் பகையிடமிருந்து காத்துக்கொள்ளவே அது சுரக்கிறது. தேடி வந்து யாரையும் அது தீண்டுவதில்லை. ஆராயாமல் உலகத்தார் சொல்லை நம்பி நடப்பதை நம் நூல்கள் உலக மூடம் என்று பெயரிட்டு விலக்குகின்றன.

இரண்டாவது மயக்கம் விருப்பத்தால் வருவது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. தன் வாயால் கெடும் நுணலை முன்னோர் கண்டனர். தன் அழகால் கெடும் தேரையை நாம் காண்கிறோம். வெண்ணிற உடலும் செங்கண்ணும் கொண்ட ஆப்பிரிக்க நகத் தவளை, வாய் அகன்ற தென் அமெரிக்கக் கொம்புத் தவளை, கொரியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் வாழும் செவ்வயிற்றுத் தேரை முதலியன உலகெங்கும் வளர்ப்புக்கென விற்கப்படுகின்றன. இவற்றுள் செவ்வயிற்றுத் தேரை நீரிலும் கரையிலுமாக வாழும் சிற்றுயிர்.  முதுகு பச்சையும் கருமையும்; வயிறு தணல் போன்ற சிவப்பு. அதைச் சீண்டினால் முதுகை வளைத்துக் கைகால்களை உயர்த்தி அச்சிவப்பைக் காட்டும். பிள்ளைகள் கைதட்டி மகிழ்வர். "நான் நஞ்சுடையேன், என்னை விட்டுவிடு" என்று பகைவனிடம் அச்சத்தால் காட்டும் அடையாளம் அது. ஓர் உயிரின் அச்சம் நம் பிள்ளைக்கு விளையாட்டாகத் தோன்றுமானால், அந்தத் தொட்டி அப்பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறது?

முதல் மயக்கம் உடையவன் தேரையில் தீமையைக் காண்கிறான். இரண்டாம் மயக்கம் உடையவன் அதில் அழகைக் காண்கிறான். உள்ளே இருக்கும் ஆன்மாவை இருவருமே காண்பதில்லை.

விரதத்தின் வழி ஆராய்தல்

இப்போது விரதத்தின் துலாக்கோலில் இதனை நிறுத்துப் பார்ப்போம். கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவ்வரிசையில் முதலில் நிற்பது அடைத்தல். கொல்லாதிருந்தாலும், ஓர் உயிரை அது விரும்பிய இடத்திற்குச் செல்லவிடாமல் தடுப்பதே குற்றம் என்று ஆசாரியர் கண்டார். கண்ணாடி என்பதால் அடைப்பு அடைப்பில்லை என்றாகிவிடாது. வெளியே தெரிகிறது, ஆனால் போக இயலவில்லை என்பது துன்பத்தை மிகுவிக்கவே செய்யும்.

"பசுவையும் காளையையும் கட்டி வளர்க்கிறோமே?" என்று கேட்கலாம். நம் வீட்டு மாடு பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு பழகிய இனம். காலையில் மேயச் சென்று மாலையில் தானே திரும்பும். அதனிடத்தும் கயிற்றை இறுகக் கட்டாதே, பசியோடு விடாதே என்று விதி வகுத்திருக்கிறார்கள். தவளை நம்மோடு பழகிய உயிரன்று. மூடியைத் திறந்தால் அது மீண்டும் தொட்டியைத் தேடி வருவதில்லை. இதுவே அதன் விருப்பம் என்ன என்பதற்குச் சான்று.

அடுத்து உணவைப் பார்ப்போம். பெற்றோர் பலரும் எண்ணிப் பாராதது இது. பெரும்பாலான தவளையும் தேரையும் அசையும் இரையையே இரை என்று உணர்கின்றன. அவற்றை வளர்ப்போர் உயிருள்ள சிள்வண்டு, புழு முதலியவற்றை வாங்கித் தொட்டிக்குள் விட வேண்டும். நீருக்குள்ளேயே வாழும் சில இனங்கள் உருண்டைத் தீனியையும் தின்னும். அத்தீனியோ மீன் பொடியாலும் இறால் பொடியாலும் ஆனது. செவ்வயிற்றுத் தேரை பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நாளுக்கு இரண்டு பூச்சி என்று வைத்துக்கொண்டாலும் பத்தாண்டில் ஏழாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்கள். சூரியன் மறைந்த பின் நாம் உண்ணாதிருப்பது எதற்காக? கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர் ஒன்றும் நம் உணவில் மடியக்கூடாது என்பதற்காக. அதே வீட்டில் பிள்ளையின் கையாலேயே உயிருள்ள பூச்சியை எடுத்து மரணத்தின் வாயில் இடுவிப்பது எவ்வகைப் பொருத்தம்?

"வயலில் இருந்தாலும் தவளை பூச்சியைத்தானே தின்னும்?" என்ற கேள்வி எழும். தின்னும். அது அதன் இயல்பு, அவ்வினை அதனுடையது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் எதனாலும் அது நம்மைச் சேராது. பூச்சியை விலைக்கு வாங்கித் தொட்டியில் விடும்போதோ செய்வித்தலும் உடன்படுதலும் நம்முடையவை ஆகின்றன. கார்த்திகேயானுப்பிரேட்சை, பூனை முதலிய கொன்றுண்ணும் உயிர்களை வளர்ப்பதைப் பயனற்ற தீவினைகளுள் ஒன்றாகக் கூறுவது இக்காரணம் பற்றியே.

வன்முறையை நம் முன்னோர் நால்வகைப்படுத்தினர்: கருதிச் செய்வது, இல்லற வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, பகையைத் தடுக்கையில் நேர்வது. உழவரின் ஏர்முனையில் மடியும் உயிர்களுக்காக நாம் வருந்துகிறோம், கழுவாய் தேடுகிறோம். ஆயினும் உலகம் உண்ண அத்தொழில் வேண்டியிருக்கிறது. கண்ணாடித் தொட்டித் தேரையால் யார் பசி தீர்கிறது? தவிர்க்க இயலாத துன்பத்தையே குறைக்க முயலும் நாம், தவிர்க்கக்கூடிய துன்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

உலகம் கண்ட படிப்பினை

தவளைக்கு மனிதன் இழைத்த தீங்கு புதியதன்று. முதலில் நாவின் பொருட்டு இழைத்தான். இந்திய வயல்களின் தவளைகள் உயிரோடு கால் வெட்டப்பட்டு, அக்கால்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாயின. 1980களின் தொடக்கத்தில் ஓராண்டில் நாலாயிரம் டன்னுக்கு மேல் அனுப்பப்பட்டது. நம் வயல்களில் வாழும் பெருந்தவளையும் பச்சைத் தவளையும் 1985ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வேற்றுமதியை அறவே தடை செய்தது. அடுத்துக் கல்வியின் பெயரால் இழைத்தான். கல்லூரி மேசைகளில் அறுக்கப்பட்ட தவளைகளுக்குக் கணக்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011ஆம் ஆண்டில் அதைக் குறைக்க நெறிமுறை வகுத்து, 2014ஆம் ஆண்டில் விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. நாவின் ஆசையும் கத்தியின் ஆசையும் சட்டத்தால் ஒருவாறு அடங்கின. மூன்றாவது கண்ணின் ஆசை. அது அன்பின் உடை அணிந்து வருவதால் அடையாளம் காண்பது அரிதாயிருக்கிறது.

அந்த ஆசையின் விளைவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. தவளைக்குத் தோலும் மூச்சுவிடும் உறுப்பு. நீர் பருகும் உறுப்பும் அதுவே. அத்தோலைத் தாக்கும் பூஞ்சைக் காளான் ஒன்றை 1998ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டறிந்தனர். அந்நோயால் உலகில் குறைந்தது 501 நீர்நில வாழ்வி இனங்கள் அருகின என்றும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்தே போயின என்றும் 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அக்காளானின் தாயகம் கிழக்காசியா என்று 2018ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு காட்டியது. கொரியாவின் செவ்வயிற்றுத் தேரைகளில் அது காணப்பட்டதையும், வளர்ப்புக்காகவும் பிறவற்றுக்காகவும் உயிர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பிய வணிகம் அதைப் பரப்பியதையும் அவ்வாய்வு எடுத்துரைத்தது. எங்கோ ஒரு பிள்ளையின் தொட்டியை அழகுபடுத்தச் செய்த பயணம், வேறெங்கோ ஒரு காட்டின் குரலையே அணைத்துவிட உதவியது.

நம் தவளையும் பிறர் நாட்டில் தீங்காகலாம். தஞ்சை வயலில் யாருக்கும் கேடு செய்யாத பெருந்தவளை, மனிதரால் அந்தமான் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று பெருகுகிறது. நம் முற்றத்துத் தேரை கப்பல் சரக்கோடு மடகாஸ்கர் சென்று, அங்கே அதன் நஞ்சை அறியாத உயிர்களுக்கு ஆபத்தாயிற்று. தவளை தீயதன்று, அதன் இடத்தை மாற்றிய மனிதச் செயலே தீயது.

சல்லடைத் துணி சொல்லும் அறம்

இத்தனைக்கும் ஒரே விடையை நம் பாட்டிமார் நாள்தோறும் தம் கையால் செய்து காட்டினர். கிணற்றிலிருந்து நீர் முகந்து, தடித்த துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுவர். பிறகு அத்துணியை வடித்த நீர் கொண்டு மெல்ல அலசி, அதில் தங்கிய நுண்ணுயிர்கள் கலந்த நீரை மீண்டும் அதே கிணற்றில் கொண்டு சேர்ப்பர். வேறு கிணற்றில் விடமாட்டார், தரையில் ஊற்றமாட்டார், உயரத்திலிருந்து எறியவும் மாட்டார். ஒரு நீரின் உயிர் மறு நீரில் வாழாது, மறு நீரின் உயிருக்கும் அதனால் ஊறு நேரும் என்பது அவர்கள் கருத்து. எந்த நீரில் வந்ததோ அந்த நீருக்கே என்பதுதான் அந்த வழக்கத்தின் சாரம். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கே இவ்வளவு நுட்பமான அறம் வகுத்த குடியில் பிறந்த நாம், கண்ணெதிரே மூச்சுவிடும் ஐம்பொறி உயிருக்கு அதனினும் குறைந்ததைச் செய்யலாமா?

இதனை அளவுகோலாகக் கொண்டால் செய்ய வேண்டுவன தாமே விளங்கும்.

பிள்ளை வாய்க்காலிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் பிடித்து வந்தால் அதட்ட வேண்டா. அன்றே அப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, பிடித்த அதே வாய்க்காலில் விடச் செய்யுங்கள். விடும் மகிழ்ச்சி பிடிக்கும் மகிழ்ச்சியினும் பெரிது என்பதை அப்பிள்ளை அப்போதே உணரும்.

தவளை வீட்டிற்குள் வந்தால் துடைப்பத்தால் அடிக்காமல், உப்புத் தூவாமல், கையை வெறும் நீரில் நனைத்து மெல்ல எடுத்து அருகிலுள்ள ஈரநிழலில் விடுங்கள். சோப்பும் எண்ணெயும் உப்பும் பட்ட கை அதன் தோலுக்கு நஞ்சாகும். பின்னர்க் கைகளை நன்கு கழுவிக்கொள்ளுங்கள். காயம்பட்ட தவளையை நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் பகையணுகாமல் காத்து, தேறியதும் விடுவது உயிரிரக்கம். தேறிய பின்னும் வைத்துக்கொள்வது பற்று. இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை மிக மெல்லியது; அதை நாம் கருத்தோடு காண வேண்டும்.

செங்குத்தான சுவருடைய சிமெண்டுத் தொட்டியிலும் கிணற்றிலும் விழுந்த தவளையால் ஏற இயலாது. சாய்வாக ஒரு பலகையோ சொரசொரப்பான ஒரு கட்டையோ வைத்தால் தானே ஏறிப் போய்விடும். ஒரு பலகையின் செலவில் பல உயிர்களைக் காக்கலாம்.

அயல்நாட்டுத் தேரையையோ தவளையையோ ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வீட்டார் ஒன்றை மறக்கலாகாது. அதைக் காவிரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது விடுதலையன்று. அது நம் நீரில் பிறந்த உயிரன்று; அதன் நீர் கடல் கடந்து இருக்கிறது. இங்கே விட்டால் அதுவும் மடியலாம், நம் தவளைகளுக்கும் நோய் தரலாம். 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல் உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ கலந்து, அவ்வுயிர் வாழும் நாள்வரை துன்பமின்றி இருக்கச் செய்து, அதற்குப் பின் மற்றொன்றை வாங்காதிருப்பதே செய்யத்தக்கது. வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போரும் இலர் ஆவர்.

வயலுடைய குடும்பத்தார்க்குப் பொறுப்பு இன்னும் பெரிது. பூச்சிகளைத் தின்பதால் தவளை உழவனின் நண்பன் என்று வேளாண்மை நூல்கள் கூறும். பயன் கருதிக் காப்பது உலகியல். உயிர் என்று கருதிக் காப்பது அறம். பூச்சியையே தின்னாத தவளையாயினும் நாம் காக்கவே வேண்டும். நம் குளத்துப் பச்சைத் தவளை வளர்ந்த பின் பெரும்பாலும் இலைதழைகளை உண்கிறது என்று தென்னிந்தியாவில் செய்யப்பட்டு 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுவதும் இங்கு எண்ணத்தக்கது. தோலால் நீர் பருகும் உயிர்க்கு வயலில் தெளிக்கும் நஞ்சு நேரே உடலில் ஏறும். நஞ்சைக் குறைத்து, குறுவையிலும் சம்பாவிலும் வயலின் ஒரு மூலையில் சிறுகுழி நீரேனும் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறும் வரை நிற்கவிடுங்கள். மழையிரவில் சாலையில் செல்வோர் வண்டியை மெதுவாகச் செலுத்துங்கள். மழைக்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவது எதற்காக என்பதை அந்த இரவில் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் ஆர்வத்தை அணைத்துவிடவும் வேண்டா. அதற்குரிய பள்ளி நம் டெல்டாவிலேயே திறந்து கிடக்கிறது. முதல் பெருமழைக்குப் பின் பெருந்தவளையின் ஆண் பொன்மஞ்சளாக மாறி, நீலநிறக் குரற்பைகளை ஊதிக் கத்துவதைக் காட்டுங்கள். தேரையின் முட்டைகள் கருமணி கோத்த சரம் போல் நீரில் கிடப்பதையும், மரத் தவளை நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டுவதையும், சிறு தவளை நீரின் மேல் ஓடுவது போல் தத்திச் செல்வதையும் காட்டுங்கள். சமணப் பெரியார் பவணந்தி முனிவர், நூற்பாக்கள் அமையும் முறைகளுள் ஒன்றுக்குத் தவளைப் பாய்த்து என்றே பெயர் வைத்தார். அவர் அதைத் தொட்டியில் கண்டிருக்கமாட்டார். நீர்க்கரையில் நின்றுதான் கண்டிருப்பார். பார்ப்பதற்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. கரையில் அமைதியாக நிற்கத் தெரிந்தால் போதும்.

அன்பர்களே! உயிர்கள் எல்லாம் தத்தம் வினைவழி வந்து, தத்தம் வினைவழி செல்கின்றன. இன்று நம் காலடியில் தாவும் தவளை முன்னொரு பிறப்பில் நமக்கு யாராக இருந்ததோ, பின்னொரு பிறப்பில் எந்தச் சமவசரணத்தில் நம்முன் நிற்குமோ, அறியோம். பவதத்தைக்கு உரைக்க அவதிஞானி ஒருவர் இருந்தார். நமக்கு உரைக்க அத்தகையோர் இக்காலத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு தவளையையும், மலர் கவ்விப் புறப்படக் காத்திருக்கும் உயிராகவே கருதி வழிவிடுவது நம் கடன்.

வாழ்க அறம்! வளர்க கொல்லாமை! எல்லா உயிரும் இன்புறுக!